ரிசர்வ் புத்தகம்: இரவல் பெறுவதும் பயன்கொள்வதும்

பல்கலைக்கழக நூல்நிலையத்துக்குள் முதன்முறையாக அடியெடுத்து வைக்கும் மாணவர், வரிசை வரிசையாக நிற்கும் அலமாரிகளைக் கண்டு, இத்தனை புத்தகங்கள் இருக்கையில் தமக்கு வேண்டியது கிடைக்காமற் போகுமா என்று தைரியம் கொள்வது இயல்பே. ஆயினும், பரீட்சை நெருங்கி வரும் நாளில், ஆசிரியர் வகுப்பிலே பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அந்த ஒரு நூலைத் தேடிக்கொண்டு வரும்போதுதான், நாற்பது பேருக்கு வேண்டிய நூல் ஒரு பிரதியோ இரண்டு பிரதியோதான் என்பதும், அதுவும் முந்திக்கொண்டவர் வீட்டு மேஜையில் பதினைந்து நாளாகக் கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியவரும். இந்த நெருக்கடிக்குப் பரிகாரமாக ஏற்பட்ட முறையே, ஒரு பாடத்துக்கு இன்றியமையாத நூல்களைப் பொது அலமாரியிலிருந்து எடுத்து, கவுண்டருக்குப் பின்னால் தனியே ஒதுக்கி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கோ ஓர் இரவுக்கோ மட்டும் இரவல் கொடுக்கும் முறை. கவுண்டரில் நிற்கும் மாணவர், தமிழரானாலும் வங்காளியரானாலும் நிக்கோபாரியரானாலும், தீவின் பொதுமொழியாகிவிட்ட ஹிந்தியிலே பேசினாலும், இதனை ‘ரிசர்வ்’ என்ற ஒரே சொல்லால்தான் குறிப்பிடுவார். ஆகையால் நானும் அச்சொல்லையே இங்கு ஆளுகிறேன்.

அந்தமானில் உயர்கல்வி கற்கும் மாணவருக்கு இந்த ஏற்பாடு மெயின்லாண்டில் உள்ளவரைக் காட்டிலும் பன்மடங்கு முக்கியமானது. அதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தினால் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் அதிகார எல்லை புதுச்சேரியோடு நின்றுவிடாமல் லட்சத்தீவையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் தன்னுள் அடக்கியது. போர்ட் பிளேரில், அதாவது 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் நகரில், 1967ஆம் ஆண்டிலே தோன்றிய ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம் இப்பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுள் ஒன்று. புரூக்ஷாபாத்தில் கடலியலும் கடல் உயிரியலும், கடலோரப் பேரிடர் மேலாண்மையும் கற்பிக்கும் துறைகள் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெரிய நூல்நிலையமோ, பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழிலே நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கிக்கொண்டு, காலாப்பட்டில், கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். பம்பாயிலோ சென்னையிலோ ஒரு கடையில் இல்லாத நூல் அடுத்த தெருக் கடையில் இருக்கும். பழைய புத்தகக்காரரிடம் பாதி விலைக்கும் கிடைக்கும். அபர்தீன் பஜார் முழுவதையும் சுற்றி வந்தாலும் கடல் உயிரியலில் ஓர் உயர்தரப் பாடநூலைக் கண்டெடுப்பது அரிது. ஆகவே இத்தீவில் ஒரு நூலின் ஒரு பிரதி என்பது பெரும்பாலும் மெய்யாகவே ஒரே பிரதி.

சீர்காழியிலே 1892ஆம் ஆண்டில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார் என்பதை யாவரும் அறிவர். நூல்கள் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்ற கருத்தும், வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்ற கருத்தும் அவற்றுள் அடங்கியவை. கவுண்டருக்குப் பின்னால் புத்தகத்தை ஒளித்து வைப்பது போலத் தோன்றும் இந்த ரிசர்வ் முறை அவ்விதிகளுக்கு விரோதமானதல்லவா என்று என்னிடம் கேட்ட மாணவர் உண்டு. விரோதமன்று என்பதே என் உறுதியான அபிப்பிராயம். அலமாரியில் தாராளமாக விடப்பட்ட ஒற்றைப் பிரதி முதலில் கை நீட்டியவருக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. ஒதுக்கி வைத்து மணிக்கணக்கில் பகிர்ந்தளிக்கப்பட்ட பிரதியோ, விடியற்காலையில் ஓடிவர இயலாதவருக்கும், நண்பர்களிடம் சொல்லி வைக்கத் தெரியாத கூச்ச சுபாவமுள்ளவருக்கும், மூன்று தீவு தாண்டி வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கும் ஒரு முறையேனும் வந்து சேர்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஜஸ்டின் வின்சர் நூலகராக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலேயே இம்முறை வேரூன்றியதற்கும் காரணம் இந்த நியாயந்தான்.

ஒரு நூல் ரிசர்வுக்குள் எவ்வாறு வருகிறது என்பதை மாணவர் தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியர் ஒருவர் பருவத் தொடக்கத்தில், தம் பாடத்துக்கு இன்னின்ன நூல்கள், அவற்றுள் இன்னின்ன அத்தியாயங்கள் அவசியம் என்று ஒரு ஜாபிதா எழுதி நூலகரிடம் கொடுக்கிறார். நூலகர் அவற்றை அலமாரியிலிருந்து எடுத்து, இடம் மாறியதைப் பட்டியலிற் குறித்து, கவுண்டருக்குக் கொண்டுவருகிறார். நூல்நிலையத்தில் இல்லாத நூலாயின் வாங்க வேண்டும். வாங்குவதென்றால் கடிதமும் மதிப்பீடும் அனுமதியும் கப்பலும் ஆக, பருவம் பாதி கழிந்துவிடும். ஆசிரியர் தம் சொந்தப் பிரதியையே அதுவரை ரிசர்வில் வைப்பதும் உண்டு. அப்படி வைக்கப்பட்ட நூலை எடுக்கும் மாணவர், அதன் ஓரங்களில் காணப்படும் பென்சில் குறிப்புகள் ஒருவருடைய இருபது வருஷத்து உழைப்பு என்பதை மறக்கலாகாது. மாணவர்களும் வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. வகுப்பில் பலரும் ஒரே நூலுக்காக அலைகிறீர்கள் என்றால், இரண்டு மூன்று பேராகச் சென்று, “சார், இந்தப் புத்தகத்தை ரிசர்வ்ல வெச்சா எங்க எல்லாருக்கும் கிடைக்கும்” என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். இதை முதல் இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் சொல்வதால் பிரயோஜனமில்லை, ஏனெனில் அதற்குள் அந்தப் பிரதி யாருடைய பெட்டியிலாவது ஏறி அக்கரைக்குப் போயிருக்கும்.

கவுண்டருக்குப் போகுமுன் கணினிப் பட்டியலில் நூலைத் தேடிப் பாருங்கள். டியூயியின் தசாம்ச வகைப்பாட்டைக் கைக்கொள்ளும் நூல்நிலையமாயின் கடலியல் 551.46 என்ற எண்ணிலும், தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணிலும் இருக்கும். ஆனால் அந்த அலமாரியில் இடைவெளி மட்டும் இருந்து புத்தகம் இல்லையென்றால் ஏமாந்து திரும்பிவிடாமல், பட்டியலில் இருப்பிடம் என்ற கட்டத்தைக் கவனியுங்கள். ரிசர்வ் என்று அங்கே போட்டிருக்கும். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் வகைப்பாட்டு எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதே சிறந்தது. “அந்த நீலப் பட்டை போட்ட பெரிய புத்தகம், மேடம்” என்று கேட்பவருக்காகக் கவுண்டரில் இருப்பவர் எழுந்து மூன்று முறை நடந்ததை நான் கண்டிருக்கிறேன். பின்னால் நின்ற ஐந்து பேருடைய நேரமும் அதில் கழிந்தது. அடையாள அட்டையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கியதும், கையெழுத்திடுவதற்கு முன் அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கிழிந்த தாளோ, கத்தரித்து எடுக்கப்பட்ட படமோ, கழன்ற கட்டோ இருந்தால் உடனே காட்டிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லாமல் எடுத்துச் சென்றால் திருப்பும்போது அந்தச் சேதம் உங்கள் கணக்கில் ஏறும். திருப்ப வேண்டிய மணியையும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண இரவலுக்குத் தாமதக் கட்டணம் நாட்கணக்கில் ஏறும். ரிசர்வுக்கு மணிக்கணக்கில் ஏறும் இடங்கள் உண்டு.

இரவு இரவல் என்பது, நூல்நிலையம் மூடும் வேளையில் எடுத்து மறுநாள் காலை திறந்ததும் திருப்புவது. டிசம்பர் மாதத்தில் இங்கே மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. தூரத்தில் வீடுள்ள மாணவர்கள், முக்கியமாகப் பெண்கள், மூடும் வேளை வரையில் காத்திருந்து இருட்டில் பஸ் ஏறுவது சிரமம். அத்தகையவர்கள் கூச்சப்படாமல் நூலகரிடம் எடுத்துச் சொல்லி, சற்று முன்னதாகக் கொடுக்கும்படி கேட்பதில் தவறில்லை. விதியின் நோக்கம் பகலில் நூல் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் என்பதை அறிந்த நூலகர் இயன்றதைச் செய்வார்.

இனித் தீவுவாசிகளாகிய நமக்கே உரிய ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். ரிசர்வ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒருபோதும் கப்பல் ஏறாதீர்கள். பல வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஹட் பேயைச் சேர்ந்த ஒரு பையன் இரவு இரவலாக எடுத்த கடலியல் நூலோடு, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததால், ஃபீனிக்ஸ் பே துறைக்கு ஓடிப் போய்க் கப்பலைப் பிடித்தான். திங்கட்கிழமை காலை வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துக் கடல் கொந்தளித்ததால் கப்பல் நின்றுபோயிற்று, செவ்வாயும் போயிற்று, புதனும் போயிற்று. வியாழக்கிழமை பரீட்சை. அந்த நான்கு நாளும் கவுண்டருக்கு வந்து “புக் வந்துச்சா சார்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிய முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. பரீட்சையன்று காலையில் வந்திறங்கிய பையன், தன் சட்டைகளுக்கு நடுவில் இரண்டு பாலிதீன் பைகளில் சுற்றி, ஒரு துளி நீர் படாமல் கொண்டுவந்திருந்த அந்த நூலை இரண்டு கைகளாலும் நீட்டியபோது, அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவன் செய்திருக்கக் கூடியது ஒன்றே: துறைக்குப் போகும் வழியில் விடுதியில் ஒரு நண்பனிடம் நூலைக் கொடுத்து, காலையில் கவுண்டரில் சேர்த்துவிடச் சொல்லியிருக்கலாம். ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் திக்லிபூருக்கும் சாலை வழியே செல்பவர்களுக்கும் இதே சொல்கிறேன். ஜிர்காடாங் சாவடியில் வாகனங்கள் கூட்டமாகச் சேர்ந்த பின்னரே ஜாரவா வனத்துக்குள் விடப்படுகின்றன. மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அந்த நாளே தவறிவிடும். புத்தகத்தின் தவணையோ காலை ஒன்பது மணி.

கையில் இரண்டு மணி நேரமே இருக்கும் நூலைப் படிப்பது சொந்த நூலைப் படிப்பது போன்றதன்று. வாங்கி வந்து உட்கார்ந்ததும் முதற்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பவர், முன்னுரையும் வரலாறும் முடிந்து விஷயம் தொடங்குமிடத்தில் மணி அடிக்கக் கேட்பார். வரும்போதே உங்களுக்குத் தேவையான கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள். உதாரணமாக, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பூகம்பத்தினால் நிக்கோபார்க் கடற்கரை தாழ்ந்ததையும் வட அந்தமானில் சில இடங்களில் பவளத்திட்டுகள் நீர்மட்டத்துக்கு மேல் எழுந்ததையும் பற்றி எழுத வேண்டுமென்றால், பொருளடக்கத்தை ஒரு முறையும், நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவை ஒரு முறையும் பார்த்து, தேவையான பக்க எண்களை முதலில் நோட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து நிமிஷம் போதும். அதன்பின் அந்தப் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படித்து, ஒவ்வொரு பத்தியையும் மூடிவைத்துவிட்டு உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். ஓரத்தில் பக்க எண்ணைக் குறியுங்கள். நூலாசிரியர், நூற்பெயர், பதிப்பாண்டு, பதிப்பகம் ஆகியவற்றை அன்றே எழுதாதவர் கட்டுரை முடிக்கும் இரவில் அதற்காக மறுபடியும் வரிசையில் நிற்பார். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்க்கு ஆங்கில நூலின் முதல் சில பக்கங்கள் மலைப்பாக இருக்கும். அவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு பிரதியை எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதி, பின் தமிழிலே விவாதித்துக்கொள்வது மிகுந்த பலன் தரும் என்பது என் அனுபவம்.

படியெடுப்பதைப் பற்றி மாணவர்களுக்கு இருவித பயம் உண்டு. எல்லாமே குற்றம் என்று சிலரும், எதுவுமே குற்றமில்லை என்று சிலரும் எண்ணுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், தன் 52ஆம் பிரிவில், ஆராய்ச்சிக்கும் சொந்தப் படிப்புக்குமான நியாயமான உபயோகத்தையும், கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதையும் உரிமை மீறலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில், ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த அத்தியாயங்களைத் தொகுத்து நகல் செய்து கொடுத்த ஒரு சிறிய ஜெராக்ஸ் கடையின் மீது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் இன்னொரு பதிப்பகமும் 2012இல் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில், கற்பித்தலின் தேவைக்காக அவ்வாறு படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. 2017இல் அப்பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஏழை மாணவருக்கு இத்தீர்ப்பு ஒரு பெரிய ஆறுதல். என்றாலும், அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்துப் பைண்டு செய்து விற்பதற்கு அது அனுமதிச் சீட்டன்று. உங்களுக்கு வேண்டிய அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் புத்தகத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடிமேல் கவிழ்த்து முதுகை அழுத்தாதீர்கள். பத்துப் பேர் அழுத்திய பின் கட்டு விட்டுப்போகும். நூல்நிலையம் அனுமதிக்கும் இடத்தில் கைப்பேசியினால் மேலிருந்து படமெடுப்பது புத்தகத்துக்குச் சுகம்.

புத்தகத்தின் சுகத்தைப் பற்றிப் பேச்செடுத்ததால், இத்தீவின் ஈரத்தைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் பூமி இது. மழைக்காலத்தில் பத்து நாள் திறக்காமல் வைத்த நூலைத் திறந்தால், முதலில் மூக்குக்கு எட்டுவது புழுங்கிய அரிசியின் வாடை போன்ற ஒரு மணம். பிறகு அட்டையின் உட்புறத்தில் சாம்பற் பொடி தூவினாற்போலப் பூஞ்சணம். பக்க ஓரங்களில் தேமல் போன்ற பழுப்புப் புள்ளிகள். பைண்டிங் பசையைத் தின்ன வந்த இராமபாணப் பூச்சி ஒன்று வெள்ளி மினுங்க முதுகுப் பக்கமாக ஓடி மறையும். கடல் உயிரியல் நூல்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மீன்களையும் பவளங்களையும் வர்ணத்தில் காட்டுவதற்காக அவை வழவழப்பான பூச்சுத் தாளில் அச்சிடப்படுகின்றன. அந்தத் தாள் நனைந்து அப்படியே உலர்ந்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். பிறகு பிரிக்க முயன்றால் படம் எதிர்ப் பக்கத்தோடு உரிந்து வந்துவிடும். ஆகையால் ரிசர்வ் நூலை எடுத்துச் செல்லும்போது குடையை மாத்திரம் நம்பாமல், பைக்குள் ஒரு பாலிதீன் உறை வைத்திருங்கள். அறைக்கு வந்ததும் உறையிலிருந்து வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள்; ஈரத்தோடு உறைக்குள் இருப்பது நனைவதைவிடக் கேடு. தப்பித் தவறி நனைந்துவிட்டால் வெயிலில் காய வைக்காதீர்கள். தாள் நெளிந்து அட்டை வளைந்துவிடும். உலர்ந்த வெள்ளைத் தாள்களை இடையிடையே செருகி, மின்விசிறியின் காற்றில் நிறுத்தி, செருகிய தாளை அடிக்கடி மாற்றுங்கள். பூச்சுத் தாளாயின் அதற்கும் காத்திராமல் உடனே நூலகரிடம் கொண்டுபோங்கள். மறைத்துவைத்துத் தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் மேலும் நாலு பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

மின்வடிவ நூல்களையும் கட்டுரைகளையும் ரிசர்வுக்குப் பதிலாகக் கருதலாமா என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடியிழைக் கம்பி 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் திறக்கப்படும் வரை, செயற்கைக்கோள் இணைப்பை நம்பி, ஒரு கட்டுரை இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைமையில் நாம் இருந்தோம். இன்று போர்ட் பிளேரில் மட்டுமின்றி ரங்கத்திலும் கார் நிக்கோபாரிலும் கமோர்த்தாவிலும் அந்தக் கம்பி வந்து சேர்ந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தினால், அரசாங்க உயர்கல்வி நிலையங்களின் மாணவர்க்கு ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் குறிப்பிட்டது சஞ்சிகைக் கட்டுரையாயின் முதலில் அங்கே பாருங்கள். அதை ஒரே வேளையில் நாற்பது பேரும் படிக்கலாம், கப்பலிலும் கொண்டுபோகலாம். பாடநூல்களின் கதை வேறு; அவற்றில் பெரும்பாலானவை இன்னும் கவுண்டருக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

திருப்பும்போது புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். அலமாரியில் நீங்களே செருகிவிடுவதும் கூடாது. கவுண்டரில் கையில் கொடுத்து, உங்கள் பெயரிலிருந்து அது நீங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுத் தாள், பஸ் டிக்கெட், கப்பல் சீட்டு என்று நீங்கள் அடையாளமாகச் செருகியவற்றை எடுத்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால், காரணத்தை விளக்குவதைவிட முக்கியமானது, அடுத்ததாகக் காத்திருப்பவர் யாரென்று கேட்டு, இயன்றால் அவருக்கு நீங்களே செய்தி சொல்வது. கட்டணத்தை அன்றைக்கே கட்டி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் பாக்கி மூன்று வருஷம் கழித்து ‘நோ டியூஸ்’ சான்றிதழ் வாங்கும் நாளில் எழுந்து வந்து நிற்கும். படிப்பு முடிந்து மெயின்லாண்டுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தவர்கள், புறப்படும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கவுண்டரில் கையெழுத்திட வேண்டியவர் அந்த வாரம் விடுப்பில் இருக்கலாம், அடுத்த கப்பலுக்கு எத்தனை நாள் என்பது உங்களுக்கே தெரியும்.